கழித்த கடலை எங்கே போகிறது?

வீட்டில் நிலக்கடலையோ மக்காச்சோளமோ பூசணம் பிடித்துவிட்டால் நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்வோம். லேசாகப் பிடித்திருந்தால் வெயிலில் போட்டு, புடைத்து, நன்றாக வறுத்துச் சாப்பிட்டுவிடுவோம். அதிகமாகப் பிடித்திருந்தால் குப்பையில் கொட்ட மனம் வராமல் "மாட்டுக்கு வச்சிடு" என்போம். இரண்டுமே ஆபத்து. முதலாவதைப் பற்றி அவ்வப்போது யாராவது எச்சரிக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நம் ஊரில் பூஞ்சை நஞ்சு மனிதர்களிடம் வந்து சேர்கிற பெரிய வழிகளில் அதுவும் ஒன்று.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். பூஞ்சை வேறு, அது விட்டுச்செல்லும் நஞ்சு வேறு. பூஞ்சை உயிருள்ளது, வெயிலிலும் வறுப்பிலும் செத்துப்போகும். நஞ்சு உயிரில்லாத ரசாயனம், அதற்குச் சாவு கிடையாது. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், அஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் என்ற இரண்டு பூஞ்சைகள்தான் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை முக்கியமாக உண்டாக்குகின்றன. இந்த நஞ்சு முழுதாகச் சிதைய 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு வேண்டும். சோறு 100 டிகிரியில் வேகிறது, குக்கருக்குள் 120 வரை போகலாம். கடலையை வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. கொதிக்கவைப்பதாலும் பாலைப் பதப்படுத்துவதாலும் பெரிய மாற்றம் எதுவும் வராது. அப்புறம், பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தால்தான் நஞ்சு இருக்கும் என்பதில்லை. பூஞ்சை வளர்ந்து, காய்ந்து, உதிர்ந்து போன பிறகு பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் பருப்பிலும் நஞ்சு தங்கியிருக்கலாம். இதற்கு மாறாக, பூசணம் பூத்த எல்லாவற்றிலும் இந்த நஞ்சு இருந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது. கண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதுதான் இதன் மிகப் பெரிய சிக்கல்.

இப்படி ஒரு நஞ்சு இருப்பதே 1960ல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. இங்கிலாந்தில் அந்த ஆண்டு ஒரு லட்சம் வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாததால் வெறுமனே 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே எழுதி வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் நோய்க்கிருமி எதுவும் இல்லை, அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு இருந்தது, அதில்தான் விஷயம். ஆக, அஃப்ளடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டதே புண்ணாக்கில்தான்.

மனிதர்களுக்கு என்ன செய்யும் என்பதை, துரதிர்ஷ்டவசமாக, நம் நாட்டில்தான் உலகம் தெளிவாகப் பார்த்தது. 1974 கடைசியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் ஆகிய மாவட்டங்களில் ஊர் ஊராக மஞ்சள் காமாலை பரவியது. சாதாரண காமாலை போல் இல்லாமல் வயிறு நீர்கோத்து வேகமாக வீங்கியது. ஏறக்குறைய 400 பேர் நோயில் விழுந்தார்கள், 106 பேர் இறந்துபோனார்கள். தொற்று என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வீடுகளின் நாய்களுக்கும் அதே நோய் வந்திருந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தபோது, எல்லாரும் மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகத் தின்னும் ஏழைப் பழங்குடிக் குடும்பங்கள் என்பதும், அறுவடை நேரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அந்தச் சோளம் நனைந்து பூசணம் பிடித்திருந்தது என்பதும் தெரிந்தது. நோயில் விழுந்தவர்கள் பல வாரங்களுக்கு நாள்தோறும் 2 முதல் 6 மில்லிகிராம் வரை அஃப்ளடாக்சினைத் தின்றிருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மில்லிகிராம் என்றதும் சின்ன அளவாகத் தோன்றும். இன்றைக்கு இந்தியாவில் தானியத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன் தானியத்தில் 15 மில்லிகிராம். அந்த மக்கள் மூன்று முதல் எட்டு நாளில் தின்ற நஞ்சு, இன்றைய விதிப்படி ஒரு டன் சோளத்தில்கூட இருக்கக் கூடாத அளவு.

அந்த மக்களுக்கு அது பூசணம் பிடித்த சோளம் என்று தெரியாமல் இருந்திருக்காது. வேறு சோளம் இல்லை, அவ்வளவுதான். 30 ஆண்டு கழித்து 2004ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் இதேதான் நடந்தது. வறட்சியில் விளைச்சல் குறைந்தது, இருந்த கொஞ்சச் சோளமும் களவு போகாமலிருக்க வீட்டுக்குள்ளேயே ஈரத்தோடு அடுக்கி வைத்தார்கள். 317 பேருக்கு நோய், 125 பேர் மரணம். கண்ணுக்குத் தெரிந்த பூசணத்தைத் தின்று சாகிறவர்கள் அறியாமையால் சாவதில்லை, தூக்கிப் போட வழியில்லாமல் சாகிறார்கள் என்றுதான் இந்த இரண்டு சம்பவங்களையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே 'விழிப்புணர்வு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

சரி, இப்படிக் கொத்தாகச் சாவது அபூர்வம். மிச்சப் பேருக்கு, அதாவது வாரத்தில் நாலு நாள் கடலைச் சட்னியும் தினமும் பாலும் மிளகாய்த்தூளும் சாப்பிடுகிற நமக்கு, என்ன ஆபத்து? கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டுக்கணக்கில் உள்ளே போவதுதான். அஃப்ளடாக்சினில் பி1 என்ற வகை கல்லீரலுக்குப் போனதும், அங்கே நஞ்சுகளை முறிப்பதற்காகவே இருக்கிற நொதிகள் அதன் மேல் வேலை செய்கின்றன. வேலை செய்து அதை இன்னும் மோசமான ஒன்றாக மாற்றிவிடுகின்றன. அப்படி மாறிய வடிவம் செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கிற டிபி53 என்ற மரபணுவில், 249ஆம் இடத்தில், இந்த நஞ்சு ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் செய்கிறது. அஃப்ளடாக்சின் அதிகமுள்ள பகுதிகளில் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் கட்டிகளைச் சோதித்தால் அதே இடத்தில் அதே மாற்றம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளடாக்சினை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆதாரங்கள்தான் இருக்கின்றன.

ஹெபடைட்டிஸ் பி கிருமியும் உடலில் இருந்தால் கதையே வேறு. ஷாங்காய் நகரில் 18,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1992ல் வெளிவந்தது. அஃப்ளடாக்சின் மட்டும் உடலில் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து சில மடங்கு கூடியிருந்தது, கிருமி மட்டும் இருந்தவர்களுக்கும் சில மடங்கு. இரண்டும் சேர்ந்து இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு. இரண்டு ஆபத்துகளையும் கூட்டினால் வருகிற கணக்கு இல்லை இது, ஒன்றை ஒன்று பெருக்குகிறது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, 2011 முதல் இந்தியா முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைப்பது, உணவில் இருக்கும் பூஞ்சை நஞ்சுக்கு எதிராகவும் ஒரு பாதி மருந்து என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். உண்மை அதுதான்.

இன்னொரு பாதி, உணவை மாற்றுவது. அதற்கும் சீனாவிலிருந்தே நல்ல சான்று இருக்கிறது. கிழக்குச் சீனாவில் சிதோங் என்ற பகுதி, கல்லீரல் புற்றுநோய்க்குப் பேர் போனது. அங்கே மக்கள் பெரும்பாலும் மக்காச்சோளம் தின்றார்கள். 1980களில் பொருளாதாரக் கொள்கை மாறி, அரிசி வாங்கும் வசதி வந்ததும் அரிசிக்கு மாறினார்கள். பிந்திய ஆண்டுகளில் எடுத்த ரத்த மாதிரிகளில் அஃப்ளடாக்சின் தடயம் மளமளவென்று குறைந்திருந்தது. கல்லீரல் புற்றுநோய் சாவும் குறைந்தது, அதுவும் தடுப்பூசி போட்ட தலைமுறை அந்த வயதுக்கு வருவதற்கு முன்பே. யாரும் அங்கே பூஞ்சை நஞ்சைப் பற்றிப் பிரசாரம் செய்து அரிசிக்கு மாற்றவில்லை. கையில் காசு வந்தது, மாறினார்கள்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 480 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து 2002ல் வெளியிட்டார்கள். 99 சதவீதக் குழந்தைகளின் ரத்தத்தில் அஃப்ளடாக்சின் இருந்தது. அளவு கூடக் கூடக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமும் எடையும் இல்லாமல் இருந்தார்கள். இதில் வறுமையின் பங்கு எவ்வளவு, நஞ்சின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்தான், ஆனாலும் பல நாடுகளில் இதே போக்கு தெரிகிறது. நம் பக்கத்திலேயே, மைசூரில், இதைவிட மனதை உறுத்தும் ஒரு நிகழ்வு 1971ல் ஆய்வுக் கட்டுரையாகப் பதிவாகியிருக்கிறது. புரதக் குறைவால் உடல் வீங்கி வாடிப்போன குழந்தைகளுக்கு ஊட்டம் தரக் கடலை மாவு கொடுத்தார்கள். அந்த மாவில் அஃப்ளடாக்சின் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. சில குழந்தைகளுக்குக் கல்லீரல் இறுகிச் சுருங்கும் நோய் வந்தது. கடலை நல்ல உணவு, ஏழைக் குழந்தைக்கு அதைவிட மலிவாகப் புரதம் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் அதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது இவ்வளவு முக்கியமாகிறது.

கடலை எங்கே கெடுகிறது? பெரும்பாலானவர்கள் குடோனில் என்று நினைக்கிறார்கள். பாதிக் கதை மண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இந்தப் பூஞ்சை மண்ணில்தான் வாழ்கிறது, கடலைக் காயும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. பருப்பில் ஈரம் இருக்கும்வரை செடி தனக்கான தற்காப்புப் பொருள்களைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கடைசி ஒரு மாதம், ஒன்றரை மாதம் மழை பொய்த்து, மண் சூடேறி, பருப்பின் ஈரம் இறங்கினால் அந்தத் தற்காப்பு நின்றுபோகும். பூஞ்சையோ அந்த வறட்சியிலும் 30 டிகிரிச் சூட்டிலும் சௌகரியமாக வளரும். கரையான் துளைத்த காய், களைக்கொத்து பட்டு வெடித்த காய் என்றால் உள்ளே போவதற்கு வழியும் திறந்தே இருக்கிறது. ஜிப்சம் போட்டு மண் அணைப்பது காய் திரட்சிக்காக என்று சொல்வார்கள், ஓடு கெட்டியாகி வெடிப்பு குறைவது இந்த விஷயத்திலும் உதவுகிறது.

அறுவடைக்குப் பிறகு எதிர்மாறான ஆபத்து, ஈரம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் ஆடிப்பட்டத்து மானாவாரி மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, நினைத்துப் பாருங்கள். காய் முற்றும் நேரத்தில் மழை இடைவெளி விட்டால் வறட்சி, பிடுங்கிப் போடும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. செடியைப் பிடுங்கி, காய் மேலே பார்க்கத் தலைகீழாகப் போட்டு, காற்றாட உலர்த்தி, பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு மூட்டை கட்ட வேண்டும். காயை எடுத்துக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும், விவசாயிகளுக்குத் தெரிந்த சோதனைதான். ஆனால் மழை மேகம் திரண்டு நிற்கும்போது, களத்தில் இடம் இல்லாதபோது, ஆள் கூலி ஏறிக்கொண்டே போகும்போது, அரைகுறைக் காய்ச்சலில் மூட்டை கட்டுவது தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. அப்புறம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் மன்னிக்கவே முடியாது: மிஷினில் உடைக்கும்போது பருப்பு உடையாமல் முழுசாக வர வேண்டும் என்பதற்காகக் காய்ந்த காயின் மேல் தண்ணீர் தெளிப்பது. எடையும் கொஞ்சம் கூடும். அத்தனை நாள் வெயிலில் காயவைத்ததை ஒரு குடம் தண்ணீரில் வீணாக்குகிற வேலை அது, பூஞ்சைக்கு அந்த ஈரம் போதும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கடலை மூட்டையில் இந்த நஞ்சு பாலில் சர்க்கரை கரைந்தது போல் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் இருக்கும், இருக்கிற அந்தப் பருப்பில் பயங்கரமான அளவு இருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் ஒன்றுமே இல்லை என்று வரலாம், அடுத்த கைப்பிடியில் அளவு எகிறலாம். சோதனைக்காரர்களுக்கு இது தலைவலி, அதனால்தான் ஐரோப்பாவில் ஒரு சரக்குக்கு கிலோக் கணக்கில் மாதிரி எடுத்து அரைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, பூச்சி துளைத்தது, சொத்தை ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி அவற்றோடு போய்விடும். ஏற்றுமதிச் சரக்கை, நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் மிஷினில் ஓட்டி, கையாலும் பொறுக்கித்தான் அனுப்புகிறார்கள், ஏனென்றால் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான். வரம்பை மீறினால் துறைமுகத்திலேயே மடக்கிவிடுவார்கள். இந்தோனேசியா 2025ல் இந்தியக் கடலை இறக்குமதியை இதே காரணத்துக்காக நிறுத்திவைத்தது.

அப்படியானால் பொறுக்கி எடுத்த கழிவுப் பருப்பு எங்கே போகிறது?

அதை யாரும் எரிப்பதில்லை. அதற்கும் ஒரு விலை இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. முதல் தரம் வெளிநாட்டுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும், அடுத்தது மளிகைக்கடைக்கு, உடைந்ததும் சிறுத்ததும் அரைத்தோ இடித்தோ விற்கும் பண்டங்களுக்கு, கடைசியில் நிற்பது எண்ணெய் ஆட்ட. நல்லதைப் பிரித்தெடுக்க எடுக்க, மிச்சத்தில் நஞ்சின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. ஏற்றுமதிக்கு விதி கடுமையாக இருப்பது நல்லதுதான், ஆனால் கழித்ததை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதே கடுமை இல்லாதவரை, அந்த விதி நஞ்சை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. யாரிடம் சோதனைச் சீட்டு கேட்க வலு இல்லையோ அவர்களிடம் அது போய்ச் சேர்கிறது.

செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டும்போது அஃப்ளடாக்சினில் கொஞ்சம்தான் எண்ணெயோடு போகும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அந்தக் கொஞ்சத்தையும் ரீஃபைண்டு ஆலையில் காரம் போட்டு, வெளுக்கும் மண் போட்டுச் சுத்தம் செய்யும்போது எடுத்துவிட முடிகிறது. மரச்செக்கு எண்ணெயில் அந்தப் படி கிடையாது. மரச்செக்கு எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, அதன் தரம் முழுக்க முழுக்க அதில் போட்ட பருப்பின் தரம்தான் என்கிறேன். கண்ணெதிரே ஆட்டித் தருகிறார்களா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆட்டுவதற்கு முன் அந்த மூட்டைக்குள் கையை விட்டுப் பருப்பைப் பாருங்கள். தேங்காய்க்கும் இதேதான். கொப்பரை சரியாகக் காயாமல் பூசணம் பூத்தால் எண்ணெயில் வரும். 2021ல் இலங்கையில், சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பு, இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளடாக்சின் இருப்பது தெரிந்து பெரிய அரசியல் பிரச்சினையே ஆனது, சரக்கைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார்கள்.

எண்ணெய் போகட்டும், புண்ணாக்குக்கு வருவோம். மாடு தின்ற அஃப்ளடாக்சின் பி1, மாட்டின் கல்லீரலில் எம்1 என்ற வடிவமாக மாறி மடியில் இறங்குகிறது. தின்ற அளவில் சுமார் 1 முதல் 2 சதவீதம், நிறையக் கறக்கும் மாடுகளில் 6 சதவீதம்கூட. ஒரு கணக்கு போடலாம். கறவை மாட்டுக்கு நாளுக்கு 2 கிலோ புண்ணாக்கு, அதில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குள் போவது 400. இரண்டு சதவீதம் என்றால் பாலில் 8 மைக்ரோகிராம். மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. இந்தியாவின் வரம்பு 0.5, ஐரோப்பாவில் 0.05. பார்வைக்கு நன்றாகவே இருக்கிற புண்ணாக்கிலிருந்து இப்படி வரம்பு மீறிய பால் வரலாம். காய்ச்சினாலும் போகாது, தயிராக்கினாலும் போகாது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, அடுத்த ஆண்டு அறிக்கை வெளியிட்டது. பாலில் யூரியா கலக்கிறார்கள், டிடர்ஜென்ட் கலக்கிறார்கள் என்ற பயம்தான் நாடெங்கும் இருந்தது. அந்த வகைக் கலப்படம் 12 மாதிரிகளில்தான் கிடைத்தது. அஃப்ளடாக்சின் எம்1 வரம்பை மீறியதோ 368 மாதிரிகளில், 5.7 சதவீதம். மாநில வாரியாக எண்ணிக்கையைப் பார்த்தால் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551ல் 88. அடுத்து டெல்லி, கேரளம். பாக்கெட் பாலில்தான் பிரச்சினை அதிகம் என்றும் அறிக்கை சொன்னது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறு மாதிரியில் ஒன்று. இரண்டு நாள் செய்தியாக வந்தது, அப்புறம் போய்விட்டது. கலப்படம் என்றால் ஒரு குற்றவாளி இருப்பார், பிடித்து வழக்குப் போடலாம், தொலைக்காட்சியில் காட்டலாம். இதில் காட்ட யாருமே இல்லை. மாடு வைத்திருக்கும் அக்கா கடையில் கிடைத்த புண்ணாக்கை வாங்கிப் போட்டிருக்கிறார், பால் சங்கம் அவர் பாலை வாங்கியிருக்கிறது, ஒருவர்கூட வேண்டுமென்று எதையும் கலக்கவில்லை. நஞ்சு மட்டும் குழந்தையின் டம்ளர்வரை வந்துவிட்டது.

இதைத் தடுக்க முடியாதா என்றால், நாமக்கல்லைப் பாருங்கள். அங்கே கோழிப் பண்ணைக்காரர்களுக்கு அஃப்ளடாக்சின் என்ற பெயர் மனப்பாடம். மக்காச்சோள லோடு வந்தால் ஈரம் பார்க்கிறார்கள், மாதிரி எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகம் போன்ற இடங்களுக்கு அனுப்புகிறார்கள், தீவனத்தில் நஞ்சைப் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டர் சேர்க்கிறார்கள். காரணம் எளிது. தீவனம் கெட்டால் முட்டை குறையும், குஞ்சு சாகும், நஷ்டம் உடனே கணக்கில் தெரியும். பசுவோ கொஞ்சம் நஞ்சைத் தாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கறந்துகொண்டிருக்கும். மனிதனுக்கு 30 ஆண்டு கழித்துத் தெரியும், அதற்குள் எந்தப் பால், எந்தக் கடலை என்று யாராலும் சொல்ல முடியாது. சோதிக்கும் வசதியும் அறிவும் நம்மிடம் இருக்கின்றன என்பதை நாமக்கல் காட்டுகிறது, நஷ்டம் உடனே தெரியாத இடத்தில் அதைச் செய்ய வேண்டியது அரசுதான்.

அஃப்ளடாக்சின் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். 1995ல் தக்காணப் பகுதியின் சில கிராமங்களில் மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் தின்றவர்களுக்குக் கடும் வயிற்றுவலியும் பேதியும் வந்தது, அதற்குக் காரணம் ஃபுமோனிசின் என்ற வேறொரு பூஞ்சை நஞ்சு. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் அடுத்தடுத்துச் செத்தன. வயலில் பூஞ்சை பிடித்த வரகை நிறையத் தின்றிருந்தன, சோதனையில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நஞ்சு தென்பட்டது. வரகு தின்று மயக்கம் வருவது நம் கிராமங்களுக்குப் புதிதில்லை, பெரியவர்கள் புது வரகை உடனே சாப்பிட விடமாட்டார்கள். சிறுதானியம் திரும்பி வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், கூடவே அந்த எச்சரிக்கையும் திரும்பி வர வேண்டும்.

வயலிலேயே தடுக்க ஒரு நல்ல வழி வேறு நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸிலேயே நஞ்சு உண்டாக்கத் தெரியாத ரகங்கள் இயற்கையில் உண்டு. அவற்றைத் தானியத்தில் ஏற்றி, பயிர் பூப்பதற்குச் சில வாரம் முன்பு வயலில் தூவினால், அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு நஞ்சுள்ள ரகத்தை நெருக்கித் தள்ளிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் பருத்திக்குத் தொடங்கிய இந்த முறை, நைஜீரியா, கென்யா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் அஃப்ளாசேஃப் என்ற பெயரில் மக்காச்சோளத்துக்கும் கடலைக்கும் பயன்படுகிறது. கெட்ட புண்ணாக்கை அமோனியா கொண்டு பதப்படுத்தி நஞ்சை முறிக்கும் தொழில்நுட்பமும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. செலவாகும், உண்மைதான். அதைவிடக் குறைந்த செலவு, ஊருக்கு ஒரு நல்ல உலர்களமும், மழை நாளுக்கு ஒரு உலர்த்தியும். நம் மண்டியிலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் விலை வைப்பவர் பருப்பின் திரட்சியையும் எடையையும் பார்க்கிறார், நஞ்சில்லாத காய்க்கென்று பத்து ரூபாய் கூட்டித் தருவதில்லை. நன்றாகக் காயவைத்தால் எடைதான் குறையும். காயவைத்தவருக்கு நஷ்டம், தண்ணீர் தெளித்தவருக்கு லாபம் என்று இருக்கிறவரை விவசாயிக்குப் பயிற்சி முகாம் நடத்தி ஒன்றும் ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவுதான். கடலையை முடிந்தவரை தோலோடு, அதாவது முழுக் காயாக வாங்கி, வேண்டும்போது உடைத்துக்கொள்ளுங்கள். சிறுத்தது, கறுத்தது, சுருங்கியதைப் பொறுக்கிப் போடுங்கள். தின்னும்போது ஒரு பருப்பு கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள், குழந்தைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். மிளகாயிலும் இந்த ஆபத்து உண்டு என்பதால், வற்றலாக வாங்கி, உள்ளே பிளந்து பார்த்து, காயவைத்து அரைத்த மிளகாய்த்தூள் நல்லது. குழந்தை பிறந்ததும் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் புண்ணாக்கை மழைக்காலத்தில் மாதக்கணக்குக்கு வாங்கி அடுக்க வேண்டாம், தரையில் நேரடியாக வைக்க வேண்டாம், கட்டி பிடித்ததையும் வாசனை மாறியதையும் ஊறவைத்துக் கொடுக்க வேண்டாம். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலிலிருந்து அந்த நஞ்சு ஏறக்குறைய போய்விடும், அவ்வளவு சீக்கிரம் பலன் தெரிகிற வேறு எதுவும் இந்த விஷயத்தில் இல்லை. பூசணம் பிடித்த கடலையையும் சோளத்தையும் மாட்டுக்கோ கோழிக்கோ வைக்காதீர்கள், பக்கத்து வீட்டு மாட்டுக்கும் கொடுத்துவிடாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள்.